வரையாட்டைக் காப்பாத்துனது யாரு? இரவிகுளம் பத்தி ஒரு பஞ்சாயத்து

லயத்துக்காரன்:

போன மாசக் கடைசியில ஆபீஸ் பசங்க ஏழு பேரோட மூணாறு போயிருந்தேன். எனக்கு அது சொந்த ஊரு, அவங்களுக்கு டூர். அஞ்சாம் மைல்ல க்யூ நின்னு டிக்கெட் எடுத்து ஃபாரஸ்ட் பஸ்ல இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கிற ராஜமலை ஏறுனோம், வரையாடு பாக்க. மேல இறங்கி நடந்தா ஒரே தூறல், மூடுபனி, பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல. ஒருத்தன் "எங்கடா ஆடு, காசைத் திருப்பிக் கேளு"ன்னு புலம்பிக்கிட்டே வந்தான். வளைவு திரும்புனா தார் ரோட்டு நடுவுல ஒரு கிழக்கிடா கால மடக்கிப் படுத்துக் கிடக்கு. உடம்பு கிட்டத்தட்ட கருப்பு, முதுகுல மட்டும் வெள்ளிப் பூச்சு அடிச்ச மாதிரி ஒரு திட்டு. மழைத்தண்ணி மயிர்நுனியில முத்து முத்தா நிக்குது, அது பாட்டுக்கு அசை போடுது. நாங்க நாலடி தூரத்துல நிக்குறோம், திரும்பிக்கூடப் பாக்கல. அந்த வாடை இருக்கே, நம்ம ஊரு வெள்ளாட்டுக் கிடா வாடையோட ஈரக் கம்பளி வாடையும் சேந்த மாதிரி.

இதெல்லாம் நல்லாத்தான் போச்சு. கீழ வரும்போது பஸ்ல ஒருத்தன் "வெள்ளைக்காரன் மட்டும் இல்லேன்னா இந்த ஆடே இருந்திருக்காது மச்சி, இங்க போர்டுல போட்டிருக்கான் பாரு"ன்னான். எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. அங்க வாய் தகராறு வேணாம்னு விட்டுட்டு வந்தேன், இங்க கொட்டுறேன்.

1877ல பூஞ்சாறு ராஜாகிட்ட இருந்து ஜான் டேனியல் மன்றோ இந்தக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தான். வருஷத்துக்கு 3,000 ரூபா. ஏறக்குறைய 1,37,000 ஏக்கர் மலை. அப்ப அதெல்லாம் யாரோட காடு? புல்லும் சோலையுமா இருந்த மலையைச் சிரைச்சு சிங்கோனா போட்டான், காப்பி போட்டான், கடைசியில தேயிலை. தேயிலைக்கு லாயக்கில்லாத, குளிரு தாங்காத உச்சி மேடு மட்டும் மிச்சம். அந்த மிச்சத்தைத் துப்பாக்கி தூக்கிட்டுப் போய் வேட்டையாடுற மைதானமா வச்சுக்கிட்டான். ஆடு பொழச்சது அவன் புண்ணியம்னு சொன்னா எப்படி, ஊரெல்லாம் வெட்டிப்புட்டு வீட்டு முத்தத்துல ஒரு மரத்தை விட்டவன் மரம் வளத்தவனா?

---

உடுமலை மாப்ள:

ஏனுங்க இவ்ளோ கோவம். டூர் போனமா போட்டோ எடுத்தமா வந்தமான்னு இருக்கோணும். ஆனா முத்தத்து மரம் மேட்டர் செம.

---

கல்லுக்குருவி:

லயத்துக்காரரே, பாதி சரி, பாதி கோவம். மத்த பாதியையும் சொல்லிடுறேன்.

வேட்டைக்காரன் மைதானம்னு சொன்னீங்க, உண்மைதான். ஆனா அதே தோட்டத் துரைங்கதான் 1928ல ஹைரேஞ்ச் வேட்டைப் பிராணி பாதுகாப்புச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, யார் எப்ப சுடலாம்னு கட்டுப்பாடு கொண்டு வந்து, அந்த மலையோட பழங்குடி முதுவாங்களைக் காவலுக்குப் போட்டாங்க. அவங்களுக்குச் சுட ஆடு மிஞ்சணும்ங்கறதுதான் காரணம், சுயநலம்தான், ஒத்துக்கிறேன். ஆனா காரணம் எதுவோ, வெளியாளு கண்ணி வச்சு, நாய் விட்டுப் புடிக்கிறது அங்க குறைஞ்சது. அந்தக் காவல் இல்லாத பல மலையில ஆடு போயே போச்சு. மேற்குத் தொடர்ச்சி மலையில வரையாடு இருந்து இப்ப இல்லாத பாறைங்க எத்தனையோ.

இன்னொண்ணு, பார்க்கா ஆனதுக்கு நேரடிக் காரணம் வெள்ளைக்காரன் இல்ல, கேரளா சட்டசபை. 1971ல கண்ணன் தேவன் மலை நிலத்தைத் திரும்ப எடுக்குற சட்டம் வந்துச்சு. கம்பெனிகிட்ட இருந்து சுமார் 70,000 ஏக்கர் அரசாங்கத்துக்குப் போச்சு. நிலமில்லாதவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும்ங்கறதும் அந்தச் சட்டத்தோட நோக்கம். அப்படியே மேட்டுநிலத்தையும் பிரிச்சிருந்தா இன்னைக்கு ராஜமலையில உருளைக்கிழங்கும் ஹோம்ஸ்டேவும்தான். இதைத் தனியா வைக்கணும்னு கொஞ்சப் பேரு விடாம சொன்னதுல 1975ல இரவிகுளம் ராஜமலை சரணாலயம்னு அறிவிச்சாங்க, 1978ல தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர். ரொம்பப் பெருசு எல்லாம் இல்ல, ஆனா ஆனைமுடி உள்ளேயே இருக்கு, 2,695 மீட்டர், இமயமலைக்குத் தெக்க அதுக்கு மேல உசரம் கிடையாது.

அந்த நேரத்துல கையில கணக்கு இருந்தது பெரிய விஷயம். 1969ல ஜார்ஜ் ஷாலர்ங்கற வனவிலங்கு ஆராய்ச்சியாளர் வந்து இங்க ஆட்டைப் பாத்துட்டுப் போனார். அப்புறம் நம்ம ஈ.ஆர்.சி. டேவிதார், வக்கீல் தொழில் பாத்த மனுஷன், நீலகிரியில இருந்து தெக்கு முனை வரைக்கும் மலை மலையா ஏறி எண்ணுனார். 1975ல அவர் கணக்கு மொத்தமே 2,200 சொச்சம். அவரு பொறந்த நாள் அக்டோபர் 7, அதைத்தான் இப்ப தமிழ்நாட்டுல வரையாடு தினமா வச்சிருக்காங்க. இந்த மாதிரி ஆளை எல்லாம் எந்தப் பக்கம் சேப்பீங்க?

---

நெல்லைக்காரன்:

ஒரு சந்தேகம்வே. இது ஆடுதானே, கறி நம்ம வெள்ளாடு மாதிரிதான இருக்கும், அப்புறம் என்ன தனிச் சரித்திரம். அடிக்க வராதீங்க, தெரியாமத்தான் கேக்கேன்.

---

கல்லுக்குருவி:

அடிக்கல அண்ணாச்சி, கறிக்கணக்கு மட்டும் வேணாம், உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. புலி, யானை மாதிரியே இதுவும் 1972 சட்டத்துல முதல் அட்டவணை.

பாத்தா ஆடு. ஆனா 2005ல மரபணு வச்சுப் பாத்தப்ப வெள்ளாட்டை விடச் செம்மறி வகைக்குத்தான் கிட்டன்னு வந்துச்சு. அதுவரைக்கும் இமயமலையில இருக்கிற தார்ங்கற காட்டாட்டோட ஒரே இனக்கூட்டத்துல வச்சிருந்தாங்க, அதுக்கப்புறம் தனிப் பேரு, உலகத்துல இந்த ஒரு வகை மட்டும் அந்தப் பேருல. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேற எங்கயும் கிடையாது. சங்கப் பாட்டுல வருடைன்னு வர்றது இதுதான்னு சொல்வாங்க. வரைன்னா செங்குத்துப் பாறை. மூணாறு பக்கம் எஸ்டேட் பேரைப் பாருங்க, பெரியவரை, வாகுவரை. ஆடு பேரும் ஊர் பேரும் ஒரே சொல்லுல இருக்கு.

---

லயத்துக்காரன்:

பெரியவரையில எங்க சித்தி வீடு. முப்பது வருஷமா சொல்றேன், இந்த வரையும் அந்த வரையும் ஒண்ணுன்னு இப்பத்தான் மண்டையில ஏறுது.

குருவி, டேவிதாரைக் குறை சொல்லல. ஆனா நீங்களும் சங்கம், சட்டசபை, வக்கீல், ஆராய்ச்சியாளர்னு பேரு இருக்கிற ஆளுங்களையே வரிசை போடுறீங்க. "முதுவாங்களைக் காவலுக்குப் போட்டாங்க"ன்னு அரை வரியில தாண்டிப் போயிட்டீங்க பாருங்க. அந்த அரை வரிதான் என் பிரச்சினையே.

---

தீக்கோடு:

அந்த அரை வரியில நான் ஆறு மாசம் இருந்திருக்கேன், அதனால உள்ள வர்றேன். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு ஆராய்ச்சியில எடுபுடி வேலைக்குப் போனேன், ஜிபிஎஸ் தூக்குறது, புழுக்கை பொறுக்குறது. கூட வந்தவங்க லக்கம்குடி முதுவாங்க. பார்க்குக்குள்ள இருக்கிற ஒரே குடி அதுதான்.

தை மாசம் பிறக்கும்போது தீக்கோடு எடுப்பாங்க, பெருந்தீ தாண்டாம இருக்கப் புல்லை முன்னாடியே பட்டையா எரிச்சு வைக்கிறது. காலையில பனி ஈரம் இன்னும் புல்லுல இருக்கும், வெயில் ஏறி மேல்புல்லு மட்டும் காயுற நேரமாப் பாத்து பத்த வைப்பாங்க. ஒரு பெரியவர், கையில மரக்கொப்பு, காத்தைக் கன்னத்துல வாங்கிட்டு நிப்பாரு, பேசவே மாட்டாரு. "இப்ப"ன்னு ஒரு சொல்லுதான். நெருப்பு சரிவுல ஏறும், சோலை ஓரம் வந்ததும் தானா சுருங்கி அணைஞ்சிரும், ஏன்னா சோலைக்குள்ள எப்பவும் ஈரம். மிஞ்சுன ஓரத்தைக் கொப்பால அடிச்சு முடிச்சிட்டு அடுத்த சரிவு. அப்பப்ப ஒரு பட்டை மட்டும், அடுத்த வருஷம் வேற பட்டை. மூணு வாரம் கழிச்சுப் போனா கரிக்கு நடுவுல பச்சை முளை, அதுல பெட்டை ஆடுங்க குட்டியோட மேயுது. நான் போட்டோ எடுத்தேன், ஃபிலிம்ல ஈரம் ஏறி எல்லாம் வீணாப் போச்சு.

---

உடுமலை மாப்ள:

ஏனுங்க காட்டைக் கொளுத்துறதுதான் பாதுகாப்பா? எங்கூர்ல ஃபாரஸ்ட்டுகாரன் பீடிக்கே ஃபைன் போடுறான்.

---

தீக்கோடு:

இது காடு இல்ல மாப்ள, புல்லு. ரெண்டும் வேற. பள்ளத்துல சோலை, மேட்டுல புல்லு, இந்த ஜோடிதான் அங்க இயற்கை. மரம் இல்லாத மலைன்னா வீணாக் கிடக்குற மலைன்னு நினைக்கிறதுதான் நம்ம நோய். புல்லை ரொம்ப வருஷம் விட்டுட்டீங்கன்னா காஞ்சு மெத்தை மாதிரி கிடக்கும், மாசி பங்குனியில எவனோ ஒரு பொறி போட்டா ஒட்டுமொத்த மேடும் போகும், அதுவும் சரியா குட்டி போடுற சீசன்ல. பட்டை பட்டையா முன்னாடியே எரிச்சு வச்சா தீ தாண்டாது. அதே சமயம் எல்லாத்தையும் வருஷா வருஷம் எரிச்சாலும் தப்பு. எந்த அளவுன்னு இன்னைக்கும் படிச்சவங்களுக்குள்ள சண்டை நடக்குது.

அப்புறம் ஒண்ணு, உங்க அமராவதி டேமுக்கு வர்ற பாம்பாறு இந்தப் புல்லுமேட்டுல இருந்துதான் இறங்குது. புல்லு மழையைப் புடிச்சு வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விடும். அதனால பீடி ஃபைனைக் கட்டிட்டுப் பேசாம இருங்க.

---

உடுமலை மாப்ள:

சரிங்க, எங்க தோப்புக்குத் தண்ணி அங்கிருந்து வருதுன்னா அப்புறம் நான் எதுக்கு வாயத் தொறக்குறேன்.

---

ஊட்டி அக்கா:

மரம் இல்லாத மலைன்னா வீணுன்னு நினைக்கிற நோய்னு தீக்கோடு சொன்னாரே, அந்த நோய்ல செத்தது எங்க மலை. நீலகிரியில வேட்டைச் சங்கம் உங்க மூணாறை விட அம்பது வருஷம் முந்தியே 1877ல வந்துச்சு, 1879ல தனிச் சட்டமே போட்டாங்க. ஆகவே துரைமாருதான் காப்பாத்துனாங்கன்னா எங்க பக்கம்தானே ஆடு நிறைய நிக்கணும்? நிக்கலையே. ஏன்னா இங்க புல்லுமேட்டுல வாட்டல், யூக்கலிப்டஸ்னு வெளிநாட்டு மரங்களை நட்டாங்க. வெள்ளைக்காரன் ஆரம்பிச்சான், சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ஆளுங்க தொழிற்சாலைக்கு வேணும்னு இன்னும் வேகமா நட்டாங்க. வாட்டல் ஒரு தடவை காலூணுனா போதும், விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா கிடந்து முளைக்கும், வெட்டுனா பக்கத்துல பத்து வரும். எங்க நீலகிரி முக்கூர்த்தி 1982ல சரணாலயம், 1990ல தேசியப் பூங்கா, 78 சதுர கிலோமீட்டர். பேரு வந்துச்சு, அதுக்குள்ள ஓரமெல்லாம் வாட்டல் வந்து உக்காந்திருச்சு.

ஆடு மரத்துக்குள்ள போகாது. அதுக்குச் சிறுத்தை எங்க நிக்குதுன்னு தூரத்துல இருந்தே தெரியணும், பக்கத்துல ஓடி ஏற ஒரு பாறைச் சரிவு இருக்கணும். அதனால துப்பாக்கிச் சண்டையை விடுங்க, இரவிகுளத்துல யாரும் மரம் நட வரல, அதான் முக்கியமான வித்தியாசம்னு நான் நினைக்கிறேன்.

---

கல்லுக்குருவி:

அக்கா இதை ஒத்துக்கிட்டே ஆகணும். நடாம விட்டது ஒரு பெரிய வேலை.

---

மலர் தேனி:

எல்லாம் படிச்சேன். எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ஆடு கணக்கு எல்லாரும் போடுறீங்க. அந்தப் பார்க்கு எல்லையிலேயே மனுஷங்க இருந்தாங்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மேல காட்டுச் சரிவு ஒடைஞ்சு ஓடை வழியா வந்து தோட்டத் தொழிலாளிங்க இருந்த நாலு வரிசை லயத்தை அப்படியே மூடிருச்சு. 70 பேரு. எல்லாம் தமிழ்நாட்டுல இருந்து மூணு நாலு தலைமுறைக்கு முன்னாடி போனவங்க வாரிசு, எங்க அம்மா வழியில தெரிஞ்ச குடும்பமும் அதுல உண்டு. கரண்டு இல்ல, போனு இல்ல, பெரியவரைத் தற்காலிகப் பாலமும் போயிருந்துச்சு, வெளியில சேதி வந்ததே மறுநாள் காலையிலதான். நாலு பேரு உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கல. ராஜமலையிலேயே மொத்தமா அடக்கம் பண்ணுனாங்க.

நான் பார்க்கு மேல குத்தம் சொல்லல, மழை பேஞ்சது பேஞ்சதுதான். ஆனா 97 சதுர கிலோமீட்டர்ல ஆட்டுக்கு எந்தச் சரிவு பத்திரம்னு பாத்தவங்க, அதுக்குக் கீழ ஓடையோரத்துல ஒரு ரூம் ஒரு அடுப்படி லைன் வீட்டுல இருந்தவங்களுக்கு எந்தச் சரிவு பத்திரம்னு ஏன் பாக்கல. ஆட்டைப் பாக்கப் போறவங்க பஸ்ல அந்த ரோட்டுலதான் போறாங்க. ஒருத்தரும் கேக்கறதில்ல.

---

லயத்துக்காரன்:

மலர், நான் போன வாட்டி பசங்களை விட்டுட்டு அந்தப் பக்கம் நடந்தேன். அதுக்கு மேல எழுத வரல.

---

நெல்லைக்காரன்:

நான் கறி கேட்டதை அழிச்சிரலாம்னு பாக்கேன், அழிக்க முடியல. மன்னிச்சுக்கோங்க.

---

கல்லுக்குருவி:

மலர் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. புது வீடு குற்றியாறு பள்ளத்தாக்குல கட்டிக் குடுத்தாங்க, அது நடந்தது. ஆனா அவங்க கேட்டது முன்னாடி ஏன் பாக்கலைன்னுதான்.

கணக்கு விட்ட இடத்துல இருந்து முடிச்சிடுறேன், கேட்டிருந்தவங்களுக்கு. 2025 ஏப்ரல்ல ரெண்டு மாநிலமும் ஒரே நேரத்துல, ஒரே முறையில எண்ணுனாங்க. மொத்தம் 2,668. கேரளா 1,365, தமிழ்நாடு 1,303. கேரளாவோட அந்த எண்ணிக்கையில இரவிகுளம் மட்டும் 841. டேவிதார் 1975ல எண்ணுன 2,200 சொச்சத்தோட ஒப்பிட்டா அம்பது வருஷத்துல பெரிய ஏத்தம் இல்லையேன்னு தோணும், ஆனா அன்னைக்கு எண்ணுன முறை வேற, நேரா ஒப்பிடக் கூடாது. தமிழ்நாடு 2022 டிசம்பர்ல 25 கோடி ரூபாய்ல தனித் திட்டம் ஆரம்பிச்சுது, அதுல 2024 கணக்கு 1,031, அடுத்த வருஷம் 1,303. ஒரே வருஷத்துல ஆடு அவ்வளவு பெருகாது, ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான். கூடுதல் இடத்துல ஏறிப் பாத்ததும் இதுல சேரும். பேப்பர்ல தலைப்பைப் பாத்துட்டு யாரும் பட்டாசு வெடிக்க வேணாம்.

மாநிலச் சண்டை போடுறவங்களுக்கு, இரவிகுளத்துப் புல்லுமேடும் நம்ம வால்பாறைப் பக்கத்துப் புல்லுமலையும் ஒட்டிக்கிட்டு இருக்கு. கிடா எல்லைக்கல்லைப் படிச்சுட்டுத் தாண்டுறதில்ல.

---

உடுமலை மாப்ள:

நான் குறிஞ்சி பூக்கறப்ப போலாம்னு இருக்கேனுங்க, எப்ப வரும்?

---

ஊட்டி அக்கா:

2006, 2018, அடுத்தது 2030. 2018ல பூக்க ஆரம்பிச்ச நேரம் பாத்துக் கேரளாவே வெள்ளத்துல போச்சு, பெரியவரைப் பாலமும் இடிஞ்சு ராஜமலைக்கு வழியே இல்லாமப் போச்சு. பூ பாட்டுக்குப் பூத்துச்சு, ஆளுதான் இல்ல. அதுக்கு நடுவுல போறதுன்னா பிப்ரவரி மார்ச்சுல போயிடாத, குட்டி போடுற சீசன், அடைச்சிருப்பாங்க.

---

லயத்துக்காரன்:

கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன், எதுக்கு அந்த போர்டு விஷயத்துல எனக்கு அவ்ளோ எரிஞ்சுச்சுன்னு.

ராஜமலை ஆடு மட்டும் ஏன் மனுஷனைக் கண்டு ஓடுறதில்லன்னு யோசிச்சிருக்கீங்களா. மத்த மலையில ஒரு ஃபர்லாங் தூரத்துலயே சீட்டி அடிச்சிட்டு பாறைக்குப் பறந்துரும். இங்க அது பழகுனது உப்பால. எஸ்டேட் காலத்துல துரைமாரு பாறை மேல உப்பு வைக்கச் சொல்லி, ஆடுங்க நக்க வந்து வந்து, மனுஷ வாடையும் உப்பும் ஒண்ணுன்னு ஆகிப்போச்சு. ஆராய்ச்சிக்கு வந்தவங்க பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு ஆட்டையும் அடையாளம் கண்டு எழுத முடிஞ்சதும் அதனாலதான்.

எங்க தாத்தா அந்த எஸ்டேட்டுல கவாத்து வெட்டுறவரு. போடியில இருந்து அவங்க அப்பன் கங்காணி கூட நடந்து ஏறுன வம்சம். காலையில ஆஜர் எடுக்குற மஸ்டர்ல பேரு குடுத்துட்டு நிக்கும்போது சில நாள் "நீ இன்னைக்குத் தேயிலைக் காட்டுக்குப் போகாத, உப்பு தூக்கு"ன்னு சொல்வாங்களாம். கல்லுப்பு மூட்டை, கோணிச்சாக்கு, மழையில நனைஞ்சு உப்புத் தண்ணி முதுகுல வழிஞ்சு, அட்டை கடிச்ச புண்ணுல பட்டா உயிர் போகும்னு சொல்வாரு. மேல போய்க் கொட்டிட்டுத் திரும்புனா ஆடுங்க பின்னாலேயே வந்து அவரு முதுகுச் சட்டையை நக்குமாம். "அதுக்கு என் சட்டைதான்டா ருசி"ன்னு சிரிப்பாரு. அந்தச் சட்டையைப் பாட்டி எத்தனை தடவை அலசுனாலும் வெள்ளைப் பூத்துக்கிட்டே இருக்குமாம்.

அன்னைக்கு ரோட்டுல படுத்திருந்த கிடாவை விட்டுக் கிளம்பும்போது அது எந்திரிச்சு என் பேக் பட்டையை ரெண்டு நக்கு நக்குச்சு, வேர்வை உப்பு. கார்டு விசில் அடிச்சு விரட்டி விட்டாரு, தொடக் கூடாது நக்க விடக் கூடாதுன்னு திட்டுனாரு, அவரு சொன்னதும் சரிதான். பசங்க அதை வீடியோ எடுத்திருக்கானுங்க. அம்மாகிட்ட காட்டுனேன். மூணு தடவை போட்டுப் பாத்துட்டு, தாத்தா போட்டோவுல தூசி தட்டப் போயிட்டாங்க.